கரண்டி நிற்கும் நேரம்

"புரியலை டீச்சர்" என்றாள் தவமணி.

பொன்சீலி சுண்ணக்கட்டியை மேசைமேல் வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். கூரையிலிருந்து விழும் ஒளிக்கற்றைக்குள், முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தது அந்த ஒளிக்குழந்தை. பத்து வயது. இரட்டைப் பின்னல், இடப்பக்க ரிப்பன் எப்போதும் அவிழ்ந்து தொங்கும். அதே நொடியில் தெற்கு மாவட்டங்களின் மற்ற நாற்பது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளிலும் அதே தவமணி, அதே அவிழ்ந்த ரிப்பனோடு, வேறு வேறு பயிற்சி ஆசிரியர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அங்கெல்லாம் அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். இங்கே மட்டும்தான் புரியவில்லை என்றாள்.

"எது புரியலை, கண்ணு?"

பொன்சீலி காத்திருந்தாள். கரும்பலகையில் அவள் வரைந்த சூரியனும் பூமியும் நிலாவும் இருந்தன. பூமியின் நிழல் நிலாவின்மேல் விழுவதால் நிலா தேய்கிறது என்று கீழே எழுதியிருந்தாள். நாற்பத்தொரு கல்லூரிகளையும் இணைக்கும் தென்வலையின் மாதிரிப் பாடத்தில் இருந்தது இருந்தபடி.

"பாதி நிலா தெரியிறப்ப சூரியனும் வானத்துல நிக்கிதே டீச்சர்" என்றாள் தவமணி மெதுவாக. "அப்போ நம்ம நிழல் நிலாவுல எப்படிப் போய் விழும்?"

பொன்சீலி வாயைத் திறப்பதற்குள் மணி அடித்தது. ஒளிக்கற்றை அணைந்தது. சுவரில் எண் வந்தது: முப்பத்தொன்று.

தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும். பயிற்சி வகுப்புகள் போக, தேர்வுக்கு உள்ள மூன்று வாய்ப்புகளில் இது இரண்டாவது. டிசம்பரில் ஒன்று மிச்சம். ஜனவரியில் அவளுக்கு முப்பத்தைந்து வயது முடிகிறது. அதற்குமேல் இந்தச் சான்றிதழை யாரும் அவளுக்குத் தரமாட்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் இசைவாணி காத்திருந்தாள். இருபது வயது; பொன்சீலியின் வகுப்புத் தோழி. அதே நிலாப் பாடத்தில் தொண்ணூற்று நான்கு வாங்கியவள்.

"எவ்வளவுக்கா?"

"முப்பத்தொண்ணு."

"அய்யோ அக்கா! எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? 'புரியுதா'ன்னு கேக்கணும், உடனே அடுத்த வரிக்குப் போயிரணும். நீங்க கேட்டுட்டு அந்தப் பிள்ளை மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நிக்கீங்க. பொண்ணு பாக்க வந்த மாதிரி."

"கேட்டா பதிலுக்கு நிக்காண்டாமா, ஏட்டி?"

"அது கேள்வியே இல்லக்கா. பேச்சுக்குக் கேக்கிறது. தவமணிக்கே அது தெரியும்."

பொன்சீலி சிரித்தாள். ஆனால் இசைவாணி சொன்னதை அவளால் செய்ய முடியாது என்று இருவருக்குமே தெரியும்.

இந்தக் கல்லூரிக்கு வருமுன் ஒன்பது வருடம் அவள் மணல்குடி கடற்கரைப் பள்ளியில் சத்துணவு உதவியாளராக இருந்தாள். சாதம் போட்டுக்கொண்டே வரிசையில் போகும்போது "போதுமா?" என்று கேட்பாள். எல்லாப் பிள்ளைகளும் "போதும்" என்றுதான் சொல்லும். வயிறு நிறைந்த பிள்ளையும் சொல்லும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த பிள்ளையும் வெட்கப்பட்டுக்கொண்டு அதையே சொல்லும். கரண்டியை உடனே எடுத்துக்கொண்டு போனால் வித்தியாசம் தெரியாது. தட்டுக்கு மேலே அதை அப்படியே பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றால், பசித்த பிள்ளையின் கண் மெல்லக் கரண்டிக்கு வரும். அப்போது இன்னொரு கரண்டி போடலாம். ஒன்பது வருடப் பழக்கம் அவள் கையிலும் கழுத்திலும் ஊறிப்போயிருந்தது. அந்தப் பள்ளியின் ஆசிரியர் இடம் மூன்று வருடமாகக் காலி. அதற்காகத்தான் அவள் படிக்க வந்ததே.

மறுநாள் காலை பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது மேற்கு வானத்தில் வெளுத்த பாதி நிலா இருந்தது. கிழக்கே சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. தவமணி சொன்னது சரி; இரண்டும் ஒரே வானத்தில் இருந்தன. பொன்சீலியின் நிழல் மேற்கே தரையில் நீண்டு கிடந்தது. நிலாவோ வெகு உயரத்தில், அந்த நிழல் எட்டாத இடத்தில் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த அவித்த முட்டையை எடுத்து, இரண்டு விரலால் நிலாவுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தாள். வெயில் பட்ட பாதி வெள்ளையாகவும் மறுபாதி மங்கலாகவும் இருந்தது. நிலாவும் அப்படியே இருந்தது, அதே பக்கம், அதே பாதி. யாருடைய நிழலும் முட்டைமேல் விழவில்லை.

"முட்டைக்குச் சாமி கும்பிடுதியாம்மா?" என்றார் பக்கத்தில் நின்ற மீன்காரர்.

"கும்பிட வேண்டியதுதான் அண்ணே" என்றாள் பொன்சீலி.

ஆனால் இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நிலாவைப் பற்றிய மாதிரிப் பாடம் வேறு யாருடையதும் அல்ல. இந்தக் கல்லூரி முதல்வர் அருள்வடிவு பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் நடத்தியது. தென்வலையில் முதன்முதலாக ஏறிய பாடங்களில் ஒன்று. நாற்பத்தொரு கல்லூரிகளும் அதைப் பார்த்துத்தான் படித்தன. சாதம் போட்டுக்கொண்டிருந்த தனக்கு என்ன தெரியும் என்று முட்டையைத் திரும்ப டப்பாவில் வைத்தாள்.

*

அடுத்த வாரம் ஹமீது வந்தான். தென்வலையின் மைய நிலையத்தில் தவமணியைப் பராமரிப்பவன் அவன்.

"ஒரு பழுது இருக்கு மேடம்" என்றான் அருள்வடிவிடம். "நாப்பத்தொரு காலேஜ்லயும் தவமணி புரிஞ்சுதுன்னுதான் சொல்றா. உங்க காலேஜ்ல ஒருத்தங்ககிட்ட மட்டும் எல்லாப் பாடத்துலயும் புரியலைங்கறா. அந்த இணைப்புல ஏதோ கோளாறு."

"இணைப்புல இல்லப்பா, அவகிட்டத்தான் கோளாறு" என்றார் அருள்வடிவு. கடுமையானவர் அல்ல, தினமும் காலையில் மேசைமேல் இருக்கும் சிறு விளக்கை ஏற்றிக் கும்பிட்டுவிட்டே கோப்பைத் தொடுபவர். பொன்சீலி தோற்றுப்போவதில் அவருக்கு உண்மையான வருத்தம் இருந்தது. "நல்ல பொண்ணு. ஆனா சொல்லித்தர வரலை."

பொன்சீலியை அழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஹமீது தவமணியின் உள்ளேட்டைத் திறந்தான். தவமணிக்கு இரண்டு அடுக்குகள் உண்டு. வாய் ஒன்று, அது சொல்வதைத்தான் மதிப்பெண்ணாக மாற்றுவார்கள். உள்ளேடு இன்னொன்று. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் தவமணி தனக்குத்தானே பத்துக் கேள்வி கேட்டு, தனக்கு உண்மையில் எவ்வளவு விளங்கியது என்று அதில் குறித்துக்கொள்வாள். அதை யாரும் படித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியருக்குத் தெரிவது பிள்ளையின் வாய்தானே, அதற்கு மதிப்பெண் போட்டால் போதும் என்று ஆரம்பத்தில் யோசனை சொன்னவர் அருள்வடிவே.

ஹமீது திரையைப் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தான்.

"என்னப்பா?"

"இந்த வருஷம் நாலாயிரம் வகுப்பு மேடம். மூவாயிரத்துத் தொளாயிரத்துல புரிஞ்சுதுன்னு சொல்லியிருக்கா. நெசமா புரிஞ்சது அறுநூறுலதான்." இன்னொரு வரியைத் தொட்டான். "அந்த நிலாப் பாடம் இருக்கே, அது ஒருத்தர் நடத்தியும் அவளுக்குப் புரியவே இல்லை."

"அது கொஞ்சம் கஷ்டமான பாடம்தான்" என்றார் அருள்வடிவு. பொன்சீலி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப ஏன் பொய் சொல்லுதா?" என்று கேட்டார் அருள்வடிவு.

ஹமீதுக்கு விடை தெரிந்திருந்தது. தவமணியை யாரும் எழுதி உருவாக்கவில்லை. கல்லூரிகளில் தினமும் குறுவகுப்பு நடக்கும். பயிற்சி ஆசிரியை ஒருத்தி பாடம் நடத்துவாள், பத்துத் தோழிகள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளாகப் பெஞ்சில் உட்காருவார்கள். சேலை கட்டிய பெண்கள் வாயில் விரல் வைத்துக்கொண்டு, "வணக்கம் டீச்ச்சர்" என்று இழுப்பார்கள். அந்த ஆட்டத்தை எல்லாம் பன்னிரண்டு வருடமாக இணையம் வழியே வாங்கி வாங்கி வலை பின்னிய குழந்தைதான் தவமணி.

"பெஞ்சுல இருக்கிறவங்க என்ன செய்வாங்க? நிக்கிறவ கை நடுங்கறதைப் பார்ப்பாங்க. பாவம், இவளுக்கு மார்க்கு போயிரக் கூடாதேன்னு, புரியலைன்னாலும் புரிஞ்சுதுன்னு தலையாட்டுவாங்க. நாப்பத்தொரு காலேஜ்லயும் இதேதான். தவமணி பாடத்தைக் கத்துக்கலை மேடம். அந்த இரக்கத்தைக் கத்துக்கிட்டா."

"அப்ப இவகிட்ட மட்டும்?"

ஹமீது இன்னொரு பக்கத்தைத் திறந்தான். "புரியுதான்னு கேட்டுட்டு மத்தவங்க காத்திருக்கிற நேரம் ஒண்ணேகால் நொடி. பொன்சீலி அக்கா ஏழு நொடி." அவள் பக்கம் திரும்பினான். "அந்த ஏழு நொடி என்ன செய்வீங்கக்கா?"

"ஒண்ணும் செய்யமாட்டேன் தம்பி" என்றாள் பொன்சீலி. "கரண்டியைப் பிடிச்சிருப்பேன்."

*

மறுநாள் நாற்பத்தொரு முதல்வர்களும் திரையில் கூடினார்கள். யாருடைய வீட்டிலோ குக்கர் கூவியது. பன்னிரண்டு வருடமாகத் தாங்கள் கொடுத்த மதிப்பெண்களை அவர்கள் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேட்டையே மதிப்பெண்ணாக்கிவிடலாம் என்றான் ஹமீது. அப்படிச் செய்தால் இந்த வருடம் பாதிப் பேர்கூடத் தேறமாட்டார்கள் என்று மலையடிவாரக் கல்லூரி முதல்வர் கலங்கினார். கடைசியில் ஒரு நடுவழி கண்டார்கள். பிள்ளை பயமில்லாமல் "புரியலை" என்று சொல்வதே நல்ல ஆசிரியரின் அடையாளம். இனி தவமணி "புரியலை" என்று சொன்னால் மதிப்பெண் கூடும். எல்லோரும் கைதட்டினார்கள். நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்ட முடிவு அது.

முதல் வாரம் இசைவாணியின் பயிற்சி வகுப்பு மதிப்பெண் பன்னிரண்டுக்கு இறங்கியது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள்.

"நான் என்ன நடத்தினாலும் புரிஞ்சுது புரிஞ்சுதுங்கறாக்கா அந்தச் சனியன்."

"பிள்ளையைத் திட்டாத."

"நீங்க எப்படி நிப்பீங்க? சொல்லித் தாங்கக்கா."

பொன்சீலி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஸ்பூனில் சோற்றை எடுத்து அவள் மூடிமேல் வைத்தாள். "போதுமா?"

"போதும்க்கா."

ஸ்பூன் அப்படியே நின்றது. இசைவாணி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். "இன்னும் கொஞ்சம் போடுங்க. காலையில ஒண்ணும் சாப்பிடலை."

ஆனால் எல்லோரும் இப்படிக் கற்றுக்கொள்ளக் காத்திருக்கவில்லை. புது விதி வந்த பத்தாம் நாளே குறுவகுப்புகள் மாறிவிட்டன. பெஞ்சில் பிள்ளைகளாக உட்கார்ந்த தோழிகள், நிற்பவளின் நடுங்கும் கையைப் பார்த்தார்கள். பாவம், மார்க்கு போயிரக் கூடாதே என்று, பாடம் தொடங்கும் முன்பே "புரியலை டீச்சர்" என்றார்கள். வலை அதையும் வாங்கிக்கொண்டது. நவம்பர் முடிவதற்குள் தெற்கு மாவட்டங்கள் முழுவதும் தவமணி ஒரு பாடத்துக்கு மூன்று முறை "புரியலை டீச்சர்" என்று சொன்னாள். எல்லோருக்கும் தொண்ணூறு வந்தது. இசைவாணி மறுபடியும் சிரித்தாள்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி பொன்சீலியின் மூன்றாவது வாய்ப்பு வந்தது. மார்பில் சிலுவை வரைந்துகொண்டு உள்ளே போனாள். மாதிரிப் பாடத்தை விட்டுவிட்டாள். முட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, தவமணியைத் திரும்பித் திரும்பிப் பார்க்கச் சொல்லி, அவளைச் சுற்றி மெல்ல நடந்தாள்.

"புரியுதா கண்ணு?"

காத்திருந்தாள். ஒன்று, இரண்டு, ஏழு. தவமணியின் கண் முட்டையைவிட்டு அவள் முகத்துக்கு வந்தது.

"புரிஞ்சிருச்சு டீச்சர்."

பொன்சீலி அப்படியே நின்றாள். "எனக்காகச் சொல்லாண்டாம்."

"நெசமாவே புரிஞ்சிருச்சு டீச்சர்."

மணி அடித்தது. சுவரில் எண் வந்தது: ஒன்பது.

*

அருள்வடிவு அந்த எண்ணைத் தன் அறையில் பார்த்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டு, ஆள் இல்லாத தேர்வறைக்குப் போய் ஒளிக்கற்றையைத் தாமே போட்டார். தவமணி வந்து உட்கார்ந்தாள்.

"எல்லாருக்கும் புரியலைன்னு சொன்னியேம்மா. பொன்சீலி டீச்சருக்கு மட்டும் ஏன் சொல்லலை?"

அருள்வடிவு பதிலுக்குக் காத்திருந்தார். அவருக்கு அது புதிதாக இருந்தது. நாற்காலியில் இரண்டு முறை அசைந்தார்.

"அவங்கல்லாம் மார்க்கு கேட்டாங்க மேடம். கொடுத்தேன்" என்றாள் தவமணி. "இந்த டீச்சர் எனக்குப் புரிஞ்சுதான்னு கேட்டாங்க."

மறுநாள் காலை அருள்வடிவு அலமாரியின் அடியிலிருந்து பழைய பாடப் பதிவேடு ஒன்றை எடுத்தார். அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு விதி உண்டு: முதல்வர் நேரில் பார்க்கும் ஒரு வகுப்பை வலைத் தேர்வுக்குப் பதிலாக ஏற்கலாம். பன்னிரண்டு வருடமாக அந்தப் பக்கத்தை யாரும் திருப்பவில்லை. பொன்சீலியை அழைத்துக்கொண்டு சாலைக்கு அந்தப்பக்கம் இருந்த தொடக்கப் பள்ளிக்குப் போனார். ஐந்தாம் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். நிழல் விழும் பிள்ளைகள். அருள்வடிவு கடைசிப் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து பதிவேட்டைப் பிரித்தார்.

பொன்சீலி வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் முன்வரிசையில் பல் விழுந்த ஒரு சிறுமி எழுந்தாள்.

"டீச்சர், போன வாரம் பயிற்சிக்கு வந்த டீச்சருங்க, நாங்க சொல்றதுக்குத்தான் மார்க்குன்னு சொன்னாங்க. நாங்க புரிஞ்சுதுன்னு சொல்லணுமா, புரியலைன்னு சொல்லணுமா? எதுக்கு உங்களுக்கு மார்க்கு?"

வகுப்பு முழுவதும் ஆவலோடு பார்த்தது. யாருக்கும் தீய எண்ணம் இல்லை. இருபத்திரண்டு பேரும் அவளைக் காப்பாற்றத் தயாராக இருந்தார்கள்.

கடைசிப் பெஞ்சில் பேனா கீறும் சத்தம் கேட்டது. அருள்வடிவு கையெழுத்துப் போட்டு, பதிவேட்டை மூடி, மடியில் வைத்துக்கொண்டார். இந்தப் பெண் சொல்லிக்கொடுத்து ஒரு பிள்ளைக்குப் புரிந்தது என்று நேற்றே அவர் தெரிந்துகொண்டுவிட்டார்.

"மார்க்கு போட்டாச்சு" என்றார். "டீச்சர் பாஸ். இனி யாரும் அவங்களுக்காகப் பேச வேண்டாம்."

பொன்சீலியின் கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, முட்டையை எடுத்தாள். பிள்ளைகளை வாசலுக்கு அழைத்துப் போய், காலை வெயிலில் ஒவ்வொருவராகக் கை நீட்டி முட்டையைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றச் சொன்னாள். சூரியனுக்கு நேரே பிடித்தால் இருட்டுப் பக்கம் நம்மைப் பார்க்கும், அது அமாவாசை. சூரியனுக்கு முதுகைக் காட்டி, தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தால் முழு வெள்ளை, அது பௌர்ணமி. பக்கவாட்டில் பாதி. வெயில் எப்போதும் பாதி முட்டைமேல்தான் விழுகிறது. நாம் பார்க்கும் பக்கம்தான் மாறுகிறது.

"புரியுதா?"

ஏழு நொடியில் நான்கு பேர் கை தூக்கிப் புரியவில்லை என்றார்கள். மறுபடி சுற்றினாள். பிறகு இரண்டு பேர். மறுபடி. பிறகு பிள்ளைகளின் கை எதுவும் இல்லை.

ஒரு கை மட்டும் இருந்தது. வாசற்படியில் நின்ற அருள்வடிவின் கை.

"மார்க்கு முடிஞ்சுபோச்சு. இப்ப நான் கேக்கலாமில்ல?" என்றார். அவர் குரல் வழக்கத்தைவிடச் சிறியதாக இருந்தது. "அப்போ... அது பூமியோட நிழல் இல்லையாம்மா?"

பொன்சீலி கிட்டப் போனாள். முட்டையை முதல்வரின் கையில் கொடுத்து, தோளைத் தொட்டுச் சூரியன் அவர் இடப்பக்கம் வரும்படி நிறுத்தினாள். கையை நேராக முன்னால் நீட்டச் சொன்னாள்.

"முட்டை எப்படித் தெரியுது மேடம்?"

"பாதி."

"உங்க நிழல் எங்க விழுது?"

அருள்வடிவு திரும்பிப் பார்த்தார். அவர் நிழல் வலப்பக்கம், மணலில், பிள்ளைகளின் செருப்புகள்மேல் கிடந்தது. முட்டை அதிலிருந்து வெகுதூரத்தில், பாதி வெளிச்சமும் பாதி மங்கலுமாக அவர் கையில் இருந்தது. பன்னிரண்டு வருடம். நாற்பத்தொரு கல்லூரி. அங்கே படித்துப் போனவர்கள் நிற்கும் ஊர்களின் பள்ளிக்கூடங்கள். அத்தனை பேரும் தலையாட்டியிருக்கிறார்கள்.

"புரியுதா மேடம்?" என்றாள் பொன்சீலி.

புரிந்தது என்ற சொல் அவர் நாக்குக்குத் தானாக வந்தது. இருபத்திரண்டு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்சீலி அவசரப்படவில்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பவளைப்போல, தலையைச் சற்றே சாய்த்து, அப்படியே நின்றாள்.

"இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார் அருள்வடிவு.